நீர்க்கடுப்பு என்று சொன்னேன்

ஏப்ரல் 6, ஞாயிறு

வீட்டில் ரெஸ்ட். காலையில் பாத்ரூமில் எரிந்தது. சாதாரண எரிச்சல் இல்லை. மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தொட்ட மாதிரி. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளாடையில் மஞ்சளாகக் கறை, காய்ந்து மொடமொடவென்று இருந்தது. சோப்புப் போட்டு நானே துவைத்தேன். கொடியில் போடும்போது லதா பார்த்துவிட்டாள்.

"என்னங்க, புதுசா துணியெல்லாம் துவைக்கிறீங்க?"

"எஞ்சின்ல கிரீஸ் பட்டுடுச்சு."

ஜட்டியில் எப்படி கிரீஸ் படும் என்று அவள் கேட்கவில்லை.

பதினேழு வருஷமாக சரக்கு ரயில் ஓட்டுகிறேன். கோடையில் கேபினுக்குள் உட்கார்ந்தால் அடுப்புமேல் உட்கார்ந்த மாதிரிதான். சூடு ஏறாமல் என்ன செய்யும்? வெள்ளிக்கிழமை வரை ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை எனக்கும் லதாவுக்கும் நடுவே எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது.

சூடுதான்.

ஏப்ரல் 7, திங்கள்

லதாவிடம் நீர்க்கடுப்பு என்று சொன்னேன். உடனே சுண்ணாம்பு குழைத்து இரண்டு கால் பெருவிரலிலும் தடவினாள். மதியம் நீர்மோர், சாயங்காலம் வெந்தயத் தண்ணீர். அவள் திருப்பத்தூரில் மெடிக்கல் கடையில் பில் போடுகிறவள். அலமாரி முழுக்க மாத்திரை இருக்கிற இடத்தில் நாள் முழுவதும் நின்றுவிட்டு வந்து என் காலுக்குச் சுண்ணாம்பு தடவுகிறாள்.

"மூணு நாள்ல நிக்கலைன்னா சொல்லுங்க, கடையில கேட்டு வாங்கிட்டு வரேன்."

வேண்டாம் என்றேன். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போல. நிமிர்ந்து பார்த்தாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஜோலார்பேட்டையில் காலை 6.10க்கு சைன் ஆன், டூட்டி ஆரம்பம். ஐம்பத்தெட்டு காலி வேகன், ரேணிகுண்டா வரை. உதவி லோகோ பைலட் எஸ்தர்.

எஞ்சினில் கழிப்பறை கிடையாது. இத்தனை வருஷத்தில் அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதில்லை. வண்டி நின்றால் இறங்குவோம், ஒரு வேகனுக்குப் பின்னால் ஒதுங்குவோம், ஏறுவோம், அவ்வளவுதான். இன்று சித்தூர் வருவதற்குள்ளேயே அடிவயிறு முறுக்கியது. பாகாலாவில் ஓரமாக லூப் லைனில் ஒண்ணே முக்கால் மணி நேரம் போட்டுவிட்டார்கள். நாலு தடவை இறங்கினேன். ஒவ்வொரு தடவையும் நாலு சொட்டு. பல்லைக் கடித்ததில் தாடை வலிக்கிறது.

ஐந்தாவது தடவை இறங்கப் போனபோது எஸ்தர், "சார், உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"நீர்க்கடுப்பு."

"தண்ணி நெறைய குடிங்க சார்." கொஞ்ச நேரம் கழித்து, "நான்தான் குடிக்கறதே இல்ல," என்றாள். டூட்டிக்கு முந்தின நாள் மத்தியானத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவாளாம். நீண்ட டூட்டி என்றால் நாப்கின் வைத்துக்கொண்டு வருவாளாம், அந்த நாளாக இல்லாவிட்டாலும். அதனாலேயே சிறுநீரகத்தில் கல் வந்து ஒரு தடவை அட்மிட் ஆகியிருக்கிறாள். ஆறு வயதுக் குழந்தைக்குத் தாய். சிக்னலைப் பார்த்துக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். இரண்டு வருஷமாக என்னோடு வண்டி ஏறுகிறாள். நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஏப்ரல் 9, புதன்

ரேணிகுண்டா ரன்னிங் ரூம், டிரைவர்கள் தங்கும் இடம். ரெஸ்ட் எட்டு மணி நேரம். படுத்தால் புரள்கிறேன், எழுந்தால் பாத்ரூம். சாப்பாட்டை இங்கேயே சொல்லிவிட்டேன். எதிரே டிபன் கடைக்குப் போகவில்லை. போன் இரண்டு தடவை அடித்தது, எடுக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

காட்பாடியில் இறங்கி, தெரியாத மெடிக்கல் கடை ஒன்றில் நீர்க்கடுப்புக்கு மாத்திரை கேட்டேன். கடைக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஐந்து நாளுக்குக் கொடுத்தார். சீட்டு கேட்கவில்லை. நானும் வேறு எதையும் சொல்லவில்லை. மஞ்சளாக வருவதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பின்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள்.

ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இலவசம், பக்கம். ஆனால் அங்கே மருந்து கொடுக்கிற இடத்திலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் என்னைத் தெரியும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று கறை இல்லை. எரிச்சலும் பாதிதான். கடவுளே, இப்படியே போகட்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. லீவ் கிடைத்தது. லதா மாங்காய்ப் பச்சடி கிளறிக்கொண்டிருந்தவள் பாதியில் அடுப்பை அணைத்துவிட்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"தெரியலங்க. ரெண்டு நாளா இப்படித்தான் சுருக்கு சுருக்குன்னு குத்துது."

வடையை நான் சுட்டேன், கருகிவிட்டது. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்து பையன் போன் செய்தபோது அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். இந்த வருஷம் வெயில் அப்படித்தான் அடிக்கிறது.

ஏப்ரல் 16, புதன்

மறுபடியும். முன்னைவிட மஞ்சள், கெட்டியாக, ஒரு மாதிரி வாடை. வலது விதை தொட்டால் வலிக்கிறது. வண்டியில் உட்கார்ந்தால் காலை அகட்டி உட்கார வேண்டியிருக்கிறது.

பாத்ரூமில் உட்கார்ந்து போனில் தேடிப் பார்த்தேன். படித்துவிட்டு, தேடியதை அழித்துவிட்டு, போனையும் ஒரு தடவை அணைத்துப் போட்டேன்.

ஊரில் இதற்கு வெட்டை என்று பெயர். சின்ன வயதில் பஸ் ஸ்டாண்டு சுவரில் வைத்தியர் விளம்பரங்களில் இந்த வார்த்தையைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

ஏப்ரல் 17, வியாழன்

எனக்கு மட்டும் எப்படி வந்தது? லதா வேலை பார்க்கிற கடைக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள். அந்த மொத்த வியாபாரி ஆள், பெட்டி இறக்க வருகிறவன், அவளிடம் சிரித்துச் சிரித்துப்

மேலே இருப்பதை அடித்துவிடத்தான் நினைத்தேன். கிடக்கட்டும். நான் எவ்வளவு கேவலமாக யோசிக்கிறேன் என்று எனக்கே தெரியட்டும். அவள் பக்கத்து அறையில் வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

ஏப்ரல் 19, சனி

இதை எழுதாமல் இருக்க முடியாது.

ரேணிகுண்டாவிலிருந்து லோடு வண்டி, மூவாயிரத்து எழுநூறு டன். கூட எஸ்தர். பாகாலா தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். சிக்னலைப் பார்த்ததும் ஒருவர் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் விதி. தூக்கத்தில்கூடச் செய்வேன். அந்த நேரத்தில் நான் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடுத்து எங்கே நிற்கும், எங்கே இறங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மஞ்சள்!" என்றாள் எஸ்தர்.

நான் திருப்பிச் சொல்லவில்லை.

"சார், மஞ்சள்! சார்!"

மஞ்சள் என்றால் அடுத்தது சிவப்பு. வேகத்தை அப்போதே குறைத்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தபோது வளைவுக்கு அப்பால் சிவப்பு தெரிந்தது. அவள் கை எமர்ஜென்சி வால்வில் இருந்தது. பிரேக்கை முழுக்கப் போட்டேன். அவ்வளவு கனத்தோடு வண்டி நிற்கவே மாட்டேன் என்று இழுத்துக்கொண்டு போனது. சிவப்புக்கு முன்னால் இரண்டு வேகன் நீளம் இருக்கும், நின்றது. அந்தப் பக்கம் லெவல் கிராசிங். கேட் திறந்திருந்தது. ஒரு டிராக்டர், பின்னால் டிரெய்லர் நிறையக் களை எடுக்கப் போகிற பெண்கள், தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எங்களைப் பார்த்துக் கையாட்டினாள்.

எஸ்தர் வால்விலிருந்து கையை எடுக்கவே இல்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"சிவப்பு தாண்டல. அதனால நான் எதுவும் எழுதல. ஆனா டாக்டரப் பாக்காம அடுத்த டூட்டிக்கு வந்தீங்கன்னா நானே போய் ரிப்போர்ட் பண்ணிடுவேன் சார். நீர்க்கடுப்பு ரெண்டு வாரம் இருக்காது."

"பாத்துடறேன்ம்மா."

"எனக்காக இல்ல."

ஏப்ரல் 22, செவ்வாய்

வேலூர் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரி. ஊர் தள்ளி, தெரிந்தவர் யாரும் இல்லை. சீட்டு போடுகிற இடத்தில் "என்ன பிரச்சனை?" என்று கேட்டார்கள். "தோல்" என்றேன். தோல் டாக்டர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மூன்று கதவு தள்ளி அனுப்பினார். வெளியே சுகவாழ்வு மையம் என்று போர்டு. என்ன நோய் என்று எழுதாமல் அப்படி ஒரு பெயர் வைத்தவர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும்.

உள்ளே ஆலோசகர், சபியுல்லா என்று பெயர், என் வயதுதான் இருக்கும். கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பேரு வேணாம்னா நம்பர் மட்டும் போட்டுக்கலாம். எப்பலேருந்து?"

"ஆறாம் தேதிலேருந்து."

"எப்படி வருது? தண்ணி மாதிரியா, சீழ் மாதிரியா?"

சொன்னேன். பதினாறு நாளில் முதல் தடவையாக ஒரு மனிதரிடம் வாய் விட்டுச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. எழுதிக்கொண்டார்.

டாக்டர் பெண். அதைக் கேட்டதும் எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. அவர் கையுறை போட்டுக்கொண்டு, தொண்டை வலிக்கு டார்ச் அடித்துப் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஒரு குச்சியில் பஞ்சு சுற்றிக் கொஞ்சம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, பக்கத்து அறைக்கு அனுப்பினார். அரை மணி நேரத்தில் ரிசல்ட் வந்தது.

"கொனோரியா. கூடவே இன்னொண்ணும் இருக்கலாம், கிளமைடியான்னு. ரெண்டும் பெரும்பாலும் ஜோடியா வரும், அதனால ரெண்டுக்கும் சேர்த்தே மருந்து தரேன்."

"சூட்டுனால வந்திருக்குமா டாக்டர்?"

"வராது. சூட்டுக்கு சிறுநீர் மஞ்சளாப் போகும், கொஞ்சம் எரியும், தண்ணி குடிச்சா சரியாயிடும். சீழ் வராது. ஆசை வரும்போது பிசுபிசுன்னு கண்ணாடி மாதிரி தண்ணி வர்றதும் நோய் இல்ல. அதுக்குப் பயந்து இங்க வர்றவங்களே பாதிப் பேர். இப்படிக் கெட்டியா, நெறத்தோட, வாடையோட, எரிச்சலோட வந்தா அது தொத்துன கிருமி. தொத்துனா ரெண்டு நாள்லேருந்து ஒரு வாரத்துக்குள்ள தெரிஞ்சுடும். ஆறாம் தேதின்னு சொல்றீங்க. ஒண்ணு, ரெண்டாம் தேதி எங்க இருந்தீங்க?"

"டூட்டியில."

அவர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரு தடவைதான் டாக்டர்," என்றேன்.

காட்பாடியில் வாங்கிய மாத்திரையைக் காட்டினேன். அது பல இடத்தில் இப்போது இந்தக் கிருமிக்கு வேலை செய்வதில்லையாம். கொஞ்சம் அமுக்கி வைத்துவிட்டு மறுபடி கிளம்பும். அதற்குள் விதைக்கு இறங்க ஆரம்பித்திருக்கிறது. இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார். ஊசி போட்டார்கள். கூட மாத்திரை, கொஞ்ச நாளைக்கு. இரண்டு குழாய் ரத்தம் எடுத்தார்கள், எச்.ஐ.விக்கும் சிபிலிஸ் என்கிற மேகப் புண்ணுக்கும். மூன்று மாசம் கழித்து ஒரு தடவை திரும்பப் பார்க்க வேண்டும்.

"மனைவியக் கூட்டிட்டு வாங்க. பொம்பளைங்களுக்குப் பல நேரம் வெளியே ஒண்ணுமே தெரியாது. உள்ள மேல ஏறிடும். அவங்களுக்கு அடிவயித்து வலி, காய்ச்சல் ஏதாவது இருக்கா?"

இல்லை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பஸ்ஸில் வரும்போது முழுக்க யோசித்தேன். வலி என்றால் அவளைக் கட்டாயம் கூட்டி வரச் சொல்வார்கள். வெயில் வலியைப் போய் என்னவென்று சொல்வது?

கூட்டிக்கொண்டு வர முடியாது என்றேன். சபியுல்லா மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தார். கடைசியில் வலி எதுவும் இல்லை என்றால் இது, ஒரே வேளை என்று ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்து மூடினார். "சொல்லிட்டுக் குடுங்க சார். தெரியாமக் குடுக்காதீங்க." இன்னொரு சீட்டும் கொடுத்தார். "இது அந்த இன்னொருத்தருக்கு."

அதை மடித்து டைரியின் அட்டைக்குள் வைத்தேன்.

ஏப்ரல் 23, புதன்

எரிச்சல் இல்லை! காலையில் பாத்ரூமில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், ஒன்றும் எரியவில்லை. இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

இரண்டு மாத்திரையையும் அட்டையிலிருந்து பிரித்துத் துண்டு பேப்பரில் வைத்தேன். பாலில் கலக்கலாமா என்றுகூடப் பார்த்தேன், கசக்கும். மதியம் சாப்பிடும்போது அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னது?"

"குடற்புழு மாத்திரை. ரெண்டு பேரும் போட்டுக்கணும்னு டாக்டர் சொன்னார். உன் வயித்து வலிக்கும் அதான் காரணமா இருக்கும்."

லதா இரண்டையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள். மேலே அச்சடித்த எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தாள்.

"சரி. அப்புறம் போட்டுக்கறேன்."

போட்டிருப்பாள்.

ஏப்ரல் 24, வியாழன்

லதாவுக்குக் காய்ச்சல். நூற்றிரண்டு. கடைக்குப் போக வேண்டாம் என்றேன். பதில் சொல்லாமல் போய்விட்டாள். சாயங்காலம் வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. களைப்பாக இருக்கும்.

ஏப்ரல் 25, வெள்ளி

காலையில் குளித்துவிட்டு வந்தால் லதா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் அந்த மாத்திரைகள், நான் கொடுத்த அதே துண்டு பேப்பரில்.

"உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"ஒன்பது வருஷமா அந்தக் கடையில நிக்கறேன். இந்த ரெண்டையும் சேர்த்துக் கேக்கறவங்க யாரும் என் மூஞ்சியப் பாத்து வாங்கினதில்ல. ரோட்டப் பாத்துக்கிட்டே வாங்குவாங்க. குடற்புழுன்னு ஒருத்தனும் சொன்னதில்ல."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"பொய் சொல்லாத," என்றாள். இருபத்தோரு வருஷத்தில் லதா என்னை நீ என்று சொன்னது இதுதான் முதல் தடவை. "எனக்கு வயித்துல யாரோ கத்திய வச்சுத் திருப்பற மாதிரி இருக்கு. கர்ப்பப் பையில கட்டியா இருக்குமோ, போய்ச் சேந்துடுவேனோ, பையன் படிப்பு முடியலையேன்னு பத்து நாளா நான் தனியா நெனச்சு அழுதுட்டிருக்கேன். உனக்குத் தெரியும். தெரிஞ்சும் வெயில்னு சொன்ன."

"எனக்குத் தெரியாது லதா. சத்தியமா ரெண்டும் ஒண்ணுன்னு..."

"தெரியாதா? தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்தியா?"

துண்டு பேப்பரின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஹைமாவதி. ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு எதிரே டிபன் கடை. புருஷன் குவைத்தில் டிரைவர். நாலு மாசமாக அங்கே சாப்பிடுகிறேன். டாக்டரிடம் ஒரு தடவை என்றேன். மூன்று தடவை. இந்த டைரியில் அந்த மூன்று நாளுக்கும் நேராக "ரெஸ்ட்" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

லதா அழவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், பாதி நிமிர்ந்ததும் வலியில் குனிந்துவிட்டாள். பிடிக்கப் போனேன்.

"தொடாத. ஆஸ்பத்திரி எத்தனை மணிக்குத் தெறப்பாங்க?"

ஏப்ரல் 26, சனி

நேற்று கிளம்பும்போதே ஓ.பி. நேரம் முடிந்துவிட்டது. இன்று முதல் ஆளாகப் போனோம். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் உதட்டைக் கடித்தாள். டாக்டர் லதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வலி இல்லன்னு சொன்னீங்களே."

நின்றுகொண்டிருந்தேன்.

"நீங்க வெளிய இருங்க."

முக்கால் மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்காரவில்லை, நடந்தேன். சபியுல்லா தாண்டிப் போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். கர்ப்பப் பைக் குழாய் வரை ஏறியிருக்கிறது. ஊசி போட்டாயிற்று, பதினாலு நாள் மாத்திரை, மூன்றாம் நாள் திரும்ப வந்து காட்ட வேண்டும், காய்ச்சல் குறையவில்லை என்றால் அட்மிட். "நீங்க குடுத்த அந்த ஒரு வேளை மாத்திரைய இவங்க முழுங்கியிருந்தா, சரியாயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டே உள்ள சீழ் கட்டியிருக்கும். முழுங்காம இருந்தது நல்லதாப் போச்சு."

லதா சீட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். என்னிடம் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

காய்ச்சல் இறங்கிவிட்டது. அட்மிட் வேண்டாம் என்றார்கள்.

ஏப்ரல் 30, புதன்

டூட்டி. எஸ்தர் ஏறியதும், "பாத்தாச்சா சார்?" என்றாள்.

"பாத்தாச்சு."

என்ன என்று கேட்கவில்லை. "அப்ப சரி. சிக்னல மட்டும் கத்திச் சொல்லுங்க." ரேணிகுண்டா வரை தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்திச் சொன்னேன். சித்தூரில் பிளாட்பாரம் பக்கம் நின்றபோது, ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேசி ஐந்து நிமிஷம் வாங்கினேன். "போய்ட்டு வாம்மா, நான் வண்டியப் பாத்துக்கறேன்," என்றேன். அவள் ஒரு நொடி புரியாமல் நின்றாள். பிறகு இறங்கி வேகமாக நடந்தாள்.

மே 3, சனி

லதா பையன் அறையில் படுக்கிறாள். மாத்திரை போட்ட நேரத்தை நாள்காட்டியில் பென்சிலால் குறித்து வைக்கிறாள். பேசுகிறாள். கேஸ் தீர்ந்தது, கரண்ட் பில் வந்தது, அந்த மாதிரி. நீங்க என்றும் சொல்வதில்லை, நீ என்றும் சொல்வதில்லை. வாக்கியத்தை அப்படிச் சுற்றி வளைத்துக் கட்டுகிறாள்.

இன்று துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "அவளுக்குச் சொல்லியாச்சா?"

"யாருக்கு?"

மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"இல்ல. அவ நம்பரையே அழிச்சுட்டேன் லதா. இனிமே அந்தப் பக்கமே..."

"நான் அதக் கேக்கல. அவளுக்கும் வயித்துல கத்திய வச்சுத் திருப்பும்ல? யாரு சொல்லுவா அவளுக்கு?"

மே 4, ஞாயிறு

நம்பரை அழித்திருந்தாலும் போன் வந்த பட்டியலில் இருந்தது. பதினோரு தவறிய அழைப்புகள்.

லதா எதிரே உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"ஒரு மாசமா போன எடுக்கல," என்றாள் ஹைமாவதி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நான் ஏதோ தப்பாப் பேசிட்டேன்போலன்னு நெனச்சுட்டிருந்தேன்."

சீட்டைப் பார்த்துப் படிக்கிற மாதிரி சொன்னேன். எனக்கு இன்ன நோய், இந்தத் தேதி வாக்கில் வந்தது, நீயும் காட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கம் இட்லிப் பானை மூடி கீழே விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். பக்கத்துலதான் இருக்கேன்," என்றாள் லதா.

பிறகு லதா போனை எடுத்து, ஸ்பீக்கரை நிறுத்தி, அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருபது நிமிஷம். நான் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். துண்டு துண்டாகக் கேட்டது. "எத்தனை நாளா?... காய்ச்சல் இருக்கா?... அதெல்லாம் வாங்கிப் போடாத, கேக்காது... எனக்குப் பாத்தது பொம்பள டாக்டர்தான், ஒண்ணும் கேவலமாப் பேசல..." ஒரு இடத்தில் வெகு நேரம் லதா "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து போனை மேசைமேல் வைத்தாள்.

"ஒண்ணரை மாசமா வலியாம். வாய்வுன்னு ஓமத் தண்ணி குடிச்சுட்டிருக்கா. நாளைக்கு அங்கயே பெரியாஸ்பத்திரிக்குப் போறேன்னு சொன்னா. புருஷன் மார்ச்சுல பதினஞ்சு நாள் லீவுல வந்துட்டுப் போனானாம். அவனுக்கும் இதே மாதிரி இருந்துச்சாம், சூடுன்னு சொன்னானாம்."

"அப்ப அவன்கிட்டேருந்துதான்," என்றேன். நெஞ்சில் ஏதோ லேசான மாதிரி இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

லதா என்னைப் பார்த்தாள். "இப்ப அதுல என்ன சந்தோஷம்?"

ஜூலை 26, சனி

மூன்று மாசம் முடிந்து இரண்டு பேருக்கும் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். எல்லாம் நெகட்டிவ். லதாவுக்கு ஸ்கேன், தழும்பு மாதிரி கொஞ்சம் இருக்கிறது, வலி எப்போதாவது வரலாம், வந்தால் தள்ளிப் போடாமல் வர வேண்டும். சபியுல்லா எங்கள் இரண்டு நம்பருக்கும் நேரே ஏதோ எழுதிவிட்டு நோட்டை மூடினார். "நல்லபடியா இருங்க" என்றார்.

வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். நல்ல வெயில். கரும்புச்சாறு வண்டி. குடிக்கிறாயா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள்.

"எல்லாம் சரியாயிடுச்சு லதா," என்றேன்.

"ரத்தம் சரியாயிடுச்சு," என்றாள்.

திருப்பத்தூர் பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறி, பெண்கள் பக்கம் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் பையை வைத்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் கிளம்பும் நேரம் அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்காக எடுத்தாளா, வேறு யாருக்காவதா, தெரியவில்லை. என்னைப் பார்க்கவில்லை. நான் யோசித்துக்கொண்டே நிற்பதற்குள் கூடையோடு ஓடிவந்து ஏறிய ஒரு அம்மா அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

வாணியம்பாடியில் பின்னால் இரண்டு சீட் காலியானது. போய் உட்காரவில்லை. அவள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.